லெட்ரோசோல் போடுகிறேன், எலும்பு மெலிந்துவிட்டதாம். இனி தோட்டத்தில் இறங்கலாமா?

கோத்தகிரிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஹட்டி (படுகர் கிராமம்) என் ஊர். வயது 58. கொஞ்சம் தேயிலை இருக்கிறது, நானும் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறோம். இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் கோயம்புத்தூரில் முடித்தேன். ஹார்மோனால் வளர்கிற வகை என்பதால் ஐந்து வருஷத்துக்குத் தினம் ஒரு லெட்ரோசோல். இப்போது மூன்றாவது வருஷம் ஓடுகிறது.

போன செக்கப்பில் வழக்கமான டாக்டர் லீவு. அவர் இடத்தில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, “டெக்ஸா ரிப்போர்ட் எங்கம்மா?” என்றார். அப்படி ஒரு ஸ்கேன் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இந்த மாத்திரையை ஆரம்பிக்கும்போதே எலும்பு எவ்வளவு கெட்டி என்று பார்த்து வைத்திருக்க வேண்டுமாம். முதலில் நான் காட்டிய இடத்தில் யாரும் எழுதித் தரவில்லை. வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள், இதைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சரி, அன்றைக்கே எடுத்தோம். முதுகுத்தண்டு மைனஸ் 3.1, இடுப்பு மைனஸ் 2.4. மைனஸ் இரண்டரைக்குக் கீழே இறங்கினால் எலும்புப்புரை, ஆகவே முதுகு அந்தக் கணக்கில் வந்துவிட்டது, இடுப்பு வாசலில் நிற்கிறது என்றார்.

திரும்பி வரும்போது மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறும் வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. கீமோ நேரத்தில் முடி கொட்டியது, நகம் கறுத்தது, வாயெல்லாம் புண். எதைக் கேட்டாலும் “முடிந்ததும் சரியாகிவிடும்” என்று ஒரு பதிலாவது இருந்தது. இது அந்த வைத்தியம் கொண்டுவந்த கோளாறு என்றால் நான் யாரிடம் போய்க் கோபப்படுவது?

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி அலமாரியில் வைத்துப் பூட்டாத குறைதான். வீட்டுக்காரர் இலைப் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பெங்களூரில் இருக்கிற மகன் தினமும் போன் பண்ணி “எதையும் தூக்காதே, எங்கேயும் போகாதே” என்கிறான். ஆள் வைத்து இலை எடுக்கலாம்தான். பச்சை இலைக்குக் கிடைக்கிற விலையில் கூலி கொடுத்தால் மிச்சம் என்ன நிற்கும் என்று இந்த மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாத்தனார் ஒரே பேச்சாக, “அந்த மாத்திரைதானே எலும்பைத் தின்கிறது, நிறுத்தித் தொலை” என்கிறாள். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, முட்டி பிடித்துக்கொள்ளும், அதற்கும் அந்த மாத்திரைதான் காரணம் என்பதால் எனக்கும் ஆசையாக இருக்கிறது. எலும்புக்கு டாக்டரம்மா சொன்னது ஜோலெட்ரானிக் என்கிற டிரிப். அதைப் போட்டால் தாடை எலும்பு அழுகும் என்று பக்கத்து ஹட்டியில் ஒருத்தர் கிளப்பிவிட்டார். எனக்குப் பல் ஏற்கெனவே சரியில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே. படிக்கட்டு நல்ல செங்குத்து, மழைக் காலத்தில் பாசி பிடித்துவிடும். தேயிலைக்குள் காட்டெருமை சர்வ சாதாரணம். அது தலையைத் தூக்கிப் பார்த்தால் ஓட வேண்டாமா? ஓடினால் விழ மாட்டேனா? மார்கழியில் எங்கள் ஹெத்தெ அம்மன் திருவிழாவான ஹெத்தெ ஹப்பாவுக்குப் பேரகணி கோயில் வரைக்கும் வெறுங்காலில் நடப்பது வழக்கம். சிகிச்சை நடந்த வருஷம் தவிர விட்டதில்லை. இனி இதெல்லாம் அவ்வளவுதானா? இந்தப் பாதையில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய சிஸ்டர், குன்னூர்:

வணக்கம்மா. கீழே சமவெளியில் கீமோ வார்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி இப்போது குன்னூரில் இருக்கிறேன். கோபம் நியாயமானதுதான். ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் நாத்தனார் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் துளியும் இல்லாமல் போய்விடுவதில்லை. அட்ரினல் சுரப்பி தருகிற சரக்கைக் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அப்படி மாற்றுகிற நொதியைத்தான் லெட்ரோசோல் முடக்குகிறது. மிச்சம் ஒளிந்திருக்கிற புற்றுச் செல் இருந்தால் அதற்குத் தீனி நின்றுவிடும். எலும்புக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான் காவல் என்பதால் அது மெலிகிறது. கட்டி திரும்பி வராமல் இருப்பதற்கான மருந்து இது. மெலிந்த எலும்புக்குத் தனியாக வைத்தியம் இருக்கும்போது இதை ஏன் கைவிட வேண்டும்? மூட்டு வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதே வகையில் அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் என்று வேறு மாத்திரைகள் உண்டு, ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். டாமாக்சிஃபென் உங்கள் வயதில் எலும்பைக் கெடுக்காது. ஆனால் அதற்கு ரத்தம் கட்டுவது, கர்ப்பப்பை என்று வேறு கவலைகள் இருக்கின்றன. எது என்று முடிவெடுக்க வேண்டியது உங்கள் புற்றுநோய் டாக்டர். அடுப்படியில் எடுக்கிற முடிவு இல்லை.

டிரிப் விஷயம். ஜோலெட்ரானிக் அமிலம் ஏறுவதற்குக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். எலும்புக்காக மட்டும் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை 5 மில்லிகிராம். உங்களைப் போல இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 4 மில்லிகிராம் என்றும் போடுவார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்த வகை மருந்து புற்றுநோய் எலும்பில் போய் உட்காரும் வாய்ப்பையும் ஓரளவு குறைக்கிறது என்று 2015-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்டார்கள். ஆகவே நாத்தனாரிடம் சொல்லுங்கள், ஒரே ஊசி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்று.

போடுவதற்கு முன்னால் கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுவது), கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியமோ டி-யோ குறைவாக இருக்கும்போது போட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி விரல் மரத்து இழுக்கும். முதல் டிரிப்புக்கு மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். வார்டில் பாதிப் பேர் “சிஸ்டர், எனக்கு ஃப்ளூ வந்துவிட்டது” என்று போன் பண்ணுவார்கள். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும், பாராசிட்டமால் போதும். அடுத்த தடவை இவ்வளவு இருக்காது. டிரிப்புக்கு முந்தின நாளும் அன்றைக்கும் தண்ணீர் நிறையக் குடியுங்கள். மலையில் குளிருக்குப் பயந்து யாரும் தண்ணீரே குடிப்பதில்லை, அப்புறம் கிட்னிதான் அவதிப்படும்.

தாடை எலும்புப் பிரச்சினை பொய் இல்லை, ஆனால் இந்த அளவில் போடுபவர்களுக்கு அது மிக அபூர்வம். வந்தால் பெரும்பாலும் டிரிப் போட்ட பிறகு பல் பிடுங்கிய இடத்தில்தான் வரும். அதனால் முதலில் பல் டாக்டர். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் நன்றாக ஆறி, அப்புறம் டிரிப். இனிமேல் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் இந்த மருந்து போடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள்.

வைட்டமின் டி பாக்கெட் எழுதிக் கொடுத்திருப்பார்களே, 60,000 யூனிட்? வாரம் ஒன்று என்று எழுதினால் வாரம் ஒன்றுதான். தினம் ஒன்று பாலில் கலந்து குடித்துவிட்டு வாந்தியோடு வந்து படுத்தவர்களை எனக்குத் தெரியும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பச்சிலைப் பிரியன்:

அம்மா, இவ்வளவு கெமிக்கல் எதற்கு? பிரண்டை இருக்கிறது. ஒடிந்த எலும்பையே ஒட்டுகிற மூலிகை. கூடவே கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப், ஆட்டுக்கால் சூப். ஒரு மண்டலம் குடியுங்கள், ஸ்கேன் தானாக மாறும். என் பாட்டி 90 வயதிலும் விறகு சுமந்தாள்.

பழைய சிஸ்டர், குன்னூர்:

தம்பி, உங்கள் பாட்டி லெட்ரோசோல் சாப்பிட்டாரா?

பிரண்டைத் துவையல் நானும் அரைக்கிறேன். நார் உரித்து நல்லெண்ணெயில் வதக்கி, புளி கொஞ்சம் கூட வைத்தால் அரிப்பு இருக்காது. சாதத்தோடு தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் பிரண்டை மாத்திரை, சூரணம் என்று டப்பாவில் வருவதை ஹார்மோன் வகைப் புற்றுநோய் வந்தவர் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. எதில் என்ன கலந்திருக்கிறது என்று லேபிள் சொல்லாது. ஆட்டுக்கால் சூப்பில் நினைக்கிற அளவுக்குக் கால்சியம் கிடையாது, எலும்பை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான். ருசிக்குக் குடிக்கலாம்.

ராகி மாவு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240 பக்கம். எள்ளு, முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி, கீரை எல்லாம் சேர்த்து நாளைக்கு ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு வரை வர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்குத்தான் மாத்திரை. உங்கள் ஊர்ப் பக்கம் ராகி களியும் அவரைக் குழம்பும் இன்னும் வீட்டில் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிடாதீர்கள்.

கொடைப்பூண்டு:

என் வீட்டு அம்மாவுக்கும் இதே கதை. நாங்கள் கொடைக்கானல். அவளுக்குக் கிட்னி கொஞ்சம் பலவீனம் என்பதால் டிரிப் சரிப்படாது என்று டெனோசுமாப் ஊசி சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 60 மில்லிகிராம், தோலுக்கடியில். போடுவது ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பின்னால் உள்ள வேலையைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில், அந்த ஊசி குளிரில் இருக்க வேண்டும், 2-லிருந்து 8 டிகிரி. இங்கே கிடைக்காது, மதுரையில் வாங்க வேண்டும். மதுரை வெயிலில் வாங்கி, வத்தலக்குண்டில் டீ குடித்து, மலை ஏறி வருவதற்குள் அது என்ன ஆகும்? மீன் வாங்கப் போகிற ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவருகிறேன். ஐஸ் நேராகப் படக் கூடாது, உறைந்தால் மருந்து வீண். துணியில் சுற்றி நடுவில் வைப்பேன். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவுப் பக்கம் வைக்காமல் நடுத்தட்டு. போடுவதற்கு அரை மணி முன்னால் எடுத்து வெளியே வைத்தால் போடும்போது அவ்வளவு எரியாது. கொடைக்கானலில் வெளியே வைத்தாலும் ஃபிரிட்ஜ்தானே என்பாள் அவள்.

இரண்டாவது, தேதி தவறக் கூடாது. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். ஜோலெட்ரானிக் எலும்பில் தங்கிவிடுமாம், கொஞ்சம் தள்ளிப் போனால் பரவாயில்லை. டெனோசுமாப் அப்படி இல்லை. விட்டுவிட்டால் எலும்பு முன்னைவிட வேகமாகக் கரையும், முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கியவர்கள் உண்டு என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நிறுத்துவது என்று முடிவானாலும் சும்மா நிறுத்தக் கூடாது, பின்னாலேயே வேறு மருந்து போட்டு அணைகட்ட வேண்டும். 2020 ஊரடங்கின்போது எங்கள் தேதி நட்டநடுவில் மாட்டியது. இ-பாஸுக்கு அலைந்து, டாக்டர் கடிதத்தைச் செக்போஸ்ட்டில் காட்டி, மதுரை போய் வந்தோம். அந்தப் பயணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் தனிப் புராணம்.

உங்களுக்குக் கிட்னி நன்றாக இருந்தால் டிரிப்பே மேல் என்பேன். மலையில் இருப்பவர்களுக்கு மழையில் ரோடு சரியும், பஸ் நிற்கும். ஒரு தேதிக்கு உயிரைப் பணயம் வைக்க முடியாது. டாக்டரிடம் மருந்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லுங்கள், அவர்களுக்கு நம் ரோடு தெரியாது.

செலவு பற்றி ஒரு வார்த்தை. ஜோலெட்ரானிக் ஜெனரிக்கில் கிடைக்கிறது. மக்கள் மருந்தகத்தில் விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஒரு மேஜை இருக்கும், டிரிப்பும் அதில் வருமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

கோத்தகிரிக்காரி:

சிஸ்டர், கொடைக்கானல் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. மாத்திரையை நிறுத்தவில்லை. சிஸ்டர் எழுதியதை நாத்தனாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாட்டி லெட்ரோசோல் சாப்பிட்டாரா என்ற இடத்தில் அவளே சிரித்துவிட்டாள். தைராய்டு எனக்கு இல்லை. கிட்னி ரிப்போர்ட் நார்மல்.

ஆனால் தோட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் சும்மா உட்கார்ந்தால் எலும்புக்கு முன்னால் மண்டை கெட்டுவிடும்.

ஊட்டி பிசியோ:

அக்கா, அது என் பேட்டை. முதலில் ஒன்று. உட்காரவே கூடாது. எலும்பின் மேல் பாரம் விழுந்தால்தான் அது தன்னைக் கெட்டியாக்கிக்கொள்ளும். படுத்தே கிடப்பவர்களுக்கு நல்ல எலும்பும் கரையும். மகனிடம் இதைக் காட்டுங்கள்.

கூடாதது ஒரே ஒரு அசைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு பாரத்தைத் தூக்குவது. உங்களுக்கு இடுப்பைவிட முதுகுத்தண்டுதான் மோசம். முள்ளெலும்பின் முன்பக்கம்தான் அப்போது நசுங்கும். பெரிதாக விழ வேண்டியதில்லை, வாளி தூக்கும்போதே நசுங்கியவர்கள் என்னிடம் வருகிறார்கள். அதுவும் நம் ஊரில் காலையில் பின்பக்கத்து பாய்லரில் வெந்நீர் பிடித்து, குனிந்து, நிறைந்த வாளியை ஒரு கையில் தூக்கி, ஈர வாசலில் திரும்புவார்களே, அந்த ஒரே வேலையில் குனிவது, தூக்குவது, முறுக்குவது, வழுக்குவது நான்கும் இருக்கின்றன. அரை வாளி போதும். வாளியை ஒரு முக்காலி மேல் வைத்தே நிரப்புங்கள், தரையில் வைக்காதீர்கள். குனிய வேண்டியபோது முட்டியை மடக்கி, இடுப்பிலிருந்து மடங்குங்கள், முதுகு பலகை போல நேராக இருக்கட்டும். தும்மல் வந்தால்கூட ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் செய்யுங்கள்.

இலை எடுப்பதில் தப்பே இல்லை. நின்றுகொண்டு, நடந்துகொண்டு, கையை நீட்டிச் செய்கிற வேலை. எனக்குப் பிடிக்காதது இலைப் பை. நெற்றியில் வார் போட்டு முதுகில் தொங்கவிடுவதும், மூட்டையைத் தலையில் வைத்து மேடு ஏறுவதும் கழுத்திலிருந்து இடுப்பு வரை அழுத்தும். அது வேண்டாம். சின்னப் பை, கால்வாசி நிரம்பியதும் பாத்தி ஓரத்தில் கொட்டிவிடுங்கள். எடை போடுகிற இடத்துக்குத் தூக்குவது அண்ணன் வேலை. கத்தரி வைத்து இலை வெட்டுகிறீர்கள் என்றால் இடது கையைக் கவனியுங்கள். ஆபரேஷன் நடந்த பக்கம் அது, அக்குளில் நெறிகட்டியும் எடுத்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். சாயங்காலம் கை கனக்கிறது, மோதிரம் இறுகுகிறது என்றால் அன்றைக்குப் போதும்.

வீட்டில் செய்ய: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள், சாதம் வடிகிற நேரம் போதும். அப்புறம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். தொடையில் வலு இருந்தால் வழுக்கினாலும் சமாளித்து நிற்கலாம். யோகா வகுப்புக்குப் போனால் பச்சிமோத்தானாசனம், ஹலாசனம் மாதிரி முன்னால் மடக்குகிறதைச் செய்யாதீர்கள். வாத்தியாரிடம் எலும்புப்புரை என்று சொல்லிவிடுங்கள்.

படிக்கட்டுக்கு ஒரு பக்கமாவது குழாய்க் கம்பி வேண்டும், இறங்கும்போது உங்கள் வலது கைக்கு வருகிற மாதிரி. பாசிக்கு பிளீச்சிங் பவுடர் தூவிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும், ஆனால் அதை நீங்கள் குனிந்து செய்யக் கூடாது. திரும்ப சிமென்ட் பூசும்போது மழமழவென்று இழைக்கவிடாமல் குறுக்கே கோடு கிழிக்கச் சொல்லுங்கள். ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் ஒரு சின்ன லைட்.

கடைசியாக, நடுமுதுகில் திடீரென்று கத்தி குத்தின மாதிரி வலி வந்து நாள் கணக்கில் நின்றால், அல்லது உயரம் குறைந்த மாதிரி ஜாக்கெட் எல்லாம் முன்பக்கம் தூக்கினால், தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள். டிரிப் சில வருஷம் போட்ட பிறகு தொடையிலோ கவட்டையிலோ காரணமில்லாத வலி வந்தாலும் சொல்ல வேண்டும்.

மஞ்சூர் மலர்:

எனக்கும் எலும்பு வீக்தான், கேன்சர் இல்லை. மணிக்கட்டு உடைந்தபோதுதான் தெரிந்தது. இன்னும் இலை எடுக்கிறேன். ரப்பர் செருப்பை விட்டுவிட்டு கம்பூட்ஸுக்கு மாறுங்கள், அடியில் நல்ல பள்ளம் விட்டது. உள்ளே கம்பளி சாக்ஸ் போட்டால் ஆடாது. குடையும் பையும் ஒரே நேரத்தில் கையில் வேண்டாம், மழைக்கோட்டு போட்டுக்கொண்டால் ஒரு கை எப்போதும் காலியாக இருக்கும்.

காட்டெருமைக்கு ஓடவே கூடாது அக்கா, எலும்பு நன்றாக இருப்பவளும்கூட. இறங்குவதற்கு முன்னால் மேலே நின்று ஒரு சத்தம் கொடுங்கள். தட்டு தட்டினாலும் சரி, என்னைப் போல சினிமாப் பாட்டு பாடினாலும் சரி. அது இருக்கிறது தெரிந்தால் அந்தப் பாத்தியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். விடிகாலையிலும் இருட்டும் நேரத்திலும் தனியாக இறங்க வேண்டாம், கரடியும் அந்த நேரத்துக்காரன்தான். வெயில் வந்த பிறகு போனால் சூடும் கிடைக்கும், கண்ணும் தெரியும்.

பழைய சிஸ்டர், குன்னூர்:

மலர் சொன்ன வெயிலில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து பதினொரு மணிக்கு மேல் வெயில் அடித்தால் ஸ்வெட்டர் கையை முட்டி வரை சுருட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் இலை எடுங்கள். நாமெல்லாம் மலையில் தலை முதல் கால் வரை கம்பளிக்குள் இருந்துவிட்டு வைட்டமின் டி இல்லை என்கிறோம். மழை மாதங்களில் அதுவும் நடக்காது, பாக்கெட்தான் கதி.

கோத்தகிரிக்காரி:

எல்லோருக்கும் ஒரு தகவல். பல் டாக்டரிடம் போனேன். கடைவாயில் வேர் மட்டும் நின்ற ஒரு பல்லை எடுத்தார்கள். ஆறியதும் அவரே கடிதம் தருகிறேன் என்றார், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் டிரிப்புக்குத் தேதி கொடுப்பார்கள். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி படு கம்மி. பாக்கெட் வாரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.

படிக்குக் கம்பி வைத்தாகிவிட்டது. வெல்டிங்காரர் இடது பக்கம் வைக்கப் பார்த்தார், பிசியோ தம்பி எழுதியதைக் காட்டி மாற்ற வைத்தேன். இலைப் பை விஷயத்தில் வீட்டுக்காரரோடு ஒரு ஒப்பந்தம்: எடுப்பது நான், தூக்குவது அவர். தூக்கி முடித்துவிட்டு முதுகு வலிக்கிறது என்கிறார். அவரையும் ஸ்கேனுக்குக் கூட்டிப்போகலாமா என்று பார்க்கிறேன்.

பேரகணி பற்றி டாக்டரம்மாவையே கேட்டேன். நடப்பது நல்லது, போங்கள், ஆனால் கூட்டத்தில் இடிபடாத நேரமாகப் பார்த்து, கைத்தடியோடு, சரிவு வருகிற இடத்தில் செருப்பு போட்டுக்கொண்டு என்றார். செருப்பா, ஹெத்தெ கோபித்துக்கொள்வாளே என்றேன். அதை நீங்களும் அவளும் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். கால்சியம் மாத்திரை போட்டால் வயிறு உப்புகிறது, மலச்சிக்கல் வேறு. விட்டுவிடலாமா?

பழைய சிஸ்டர், குன்னூர்:

அட்டையைத் திருப்பிப் பாருங்கள், கார்பனேட் என்று இருக்கும். அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும், ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், மதியம் ஒன்று ராத்திரி ஒன்று என்று பிரியுங்கள். அப்படியும் உப்பினால் சிட்ரேட் மாற்றித் தரச் சொல்லுங்கள், அது வயிற்றுக்குக் கொஞ்சம் சாது, வெறும் வயிற்றிலும் போடலாம். ராகியும் பாலும் ஒழுங்காகப் போகிறது என்றால் ஒன்றாகக் குறைக்கலாமா என்று டிரிப் அன்றைக்கே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். அதுவரை விட வேண்டாம்.